ஒரு நூல் உள்ளே

மார்ச் 3

ஆய்வக நிர்வாகிக்கு,

மூன்று பல் பிரிட்ஜைத் திருப்பி அனுப்புகிறேன். மேல் முன்பற்களுக்கானது. பொருந்தவில்லை. இதே நோயாளிக்கு இது இரண்டாவது முறை.

என்ன நடந்தது என்பதை எழுத்தில் தருகிறேன். போனில் பேசினால் நாம் இருவரும் பத்தாவது வார்த்தையிலேயே வேறெங்கோ போய்விடுகிறோம். பிரிட்ஜை வைத்தேன். பாதி தூரம் எளிதாக ஏறியது, பிறகு நின்றது. அழுத்தினால் ஈறு வெளுத்தது. விரலை எடுத்தால் ஒரு பக்கம் ஆடியது. உள்ளே வெள்ளைப் பசை தடவிச் சோதித்தேன். உட்புறத்தில் எங்கும் தடை இல்லை. இரண்டு பக்கத் தாங்கு பற்களிலும் பிரிட்ஜின் கீழ் விளிம்பு பல்லைத் தாண்டி ஈறுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. தேய்த்துக் குறைத்தால் அந்த இடத்தில் இடைவெளி விழுகிறது, கருவியின் முனை உள்ளே போகிறது. சிமெண்டால் நிரப்பி அனுப்பிவிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செய்வதில்லை.

நோயாளி ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் ஒரு அம்மா. தற்காலிகப் பல்லோடு அவரால் மைக் முன்னால் உட்கார முடியவில்லை. "எக்ஸ்பிரஸ்னு சொன்னா விசில் அடிக்குது டாக்டர். வண்டி கிளம்பிடுச்சுன்னு ஜனங்க ஓடுறாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், வாயைக் கையால் மூடியபடி. ஐந்து வாரமாக அவரைத் தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

சீட்டில் தேவையானதை எழுதியிருந்தேன். அதன் நகலை வைத்திருக்கிறேன்: "மேல் முன்பல் மூன்று. ஒரு நூல் உள்ளே. நிறம் பக்கத்துப் பல்லைப் போல." இதில் எந்த வார்த்தை புரியவில்லை என்று தெரிவிக்கவும்.

இங்கே என்னோடு இருக்கும் டாக்டர் வேறு ஆய்வகம் பார்க்கலாம் என்று ஜனவரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். இதுவரை நான்தான் தடுத்தேன். மூன்றாவதும் இப்படியே வந்தால் தடுக்க மாட்டேன். தம்பியின் ஆய்வகம் என்பதற்காக ஒருவர் வாயைப் பரிசோதனைக்கூடமாக வைத்திருக்க முடியாது.

பதில் எழுதினால் வேலையைப் பற்றி மட்டும் எழுதவும்.

மருத்துவர்


மார்ச் 6

மதிப்பிற்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் பிரிட்ஜும் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தன. இரண்டில் கடிதம்தான் கூர்மையாக இருந்தது.

வேலையைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய ஸ்கேனிலிருந்து மாதிரி அச்சடித்து, அதன் மேல் இந்த பிரிட்ஜை நானே வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். தட்டினால்கூட ஆடவில்லை. திரும்பி வந்த பிறகு, நீங்கள் தேய்க்காத பக்கத்தைத் திரும்பவும் வைத்துப் பார்த்தேன். மூடி போட்டதுபோல உட்காருகிறது. என் மெஷின் செதுக்கியது சரி. அப்படியானால் தப்பு எங்கே? ஸ்கேனில். ஸ்கேன் எடுத்தது யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

அக்கா, இந்த "தாங்கள்" எல்லாம் எனக்கு வரவில்லை. நேராகவே கேட்கிறேன். ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் கார்டு வைத்து ஈறை ஒழுங்காக ஒதுக்கினாயா? இல்லை, வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று அப்படியே எடுத்துவிட்டாயா? அங்கே ஈறு பல்லின் மேல் சாய்ந்து கிடந்தால் இங்கே எனக்குத் தெரிவது ஒரு மங்கலான சரிவு. பல் எங்கே முடிகிறது, ஈறு எங்கே தொடங்குகிறது என்று நான் திரையில் கோடு போட வேண்டும். தெரியாத இடத்தில் கோடு போடுவதற்கு என்ன பெயர் என்று உன் காலேஜில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இங்கே நாங்கள் குருட்டாம்போக்கு என்போம்.

உன் சீட்டில் புரியாத வார்த்தை எதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ஆங்கிலச் சுருக்கெழுத்து பிடிபடவில்லை, இடம் வலம் மாற்றிவிட்டாள் என்று ஜனவரியில் சொன்னேன். அன்றிலிருந்து தமிழில் எழுதி அனுப்புகிறாய். அதற்கு நன்றி. அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து செய்கிறோம். உன் வேலையைப் பொண்ணு கையில் கொடுப்பதில்லை, நானேதான் செய்கிறேன்.

போனில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது பல்லுடா, அப்பா லேத்துல கடைஞ்ச போல்ட்டு இல்ல. பட்டறை வேலையை என்கிட்ட அனுப்பாதே." போனை வைத்தது நான்தான். வைக்காவிட்டால் இன்னும் மோசமாக ஏதாவது சொல்லியிருப்பேன்.

அப்பா தினமும் சாயங்காலம் "அக்கா போன் பண்ணாளா" என்று கேட்கிறார். காது கேட்காதவருக்குப் பொய் சொல்வது கஷ்டம், கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரு முழுக்கக் கேட்கும்படி "பண்ணா, நல்லா இருக்கா" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

புது ஸ்கேன் அனுப்பு. பார்க்கலாம்.

ஒட்டடை
(நீ வைத்த பெயர்தான். ஆறடி இரண்டு அங்குலத்துக்கு வேறு பெயர் கிடைக்கவில்லையா உனக்கு?)


மார்ச் 11

ஒட்டடைக்கு,

நேற்று புதிதாக ஸ்கேன் எடுத்தேன். கோப்பு உனக்கு வந்திருக்கும். சீட்டு இந்தப் பெட்டியில் இருக்கிறது.

கார்டு வைத்தாயா என்று கேட்டிருக்கிறாய். இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் போவதில்லை. ஈறை எப்படி ஒதுக்கினேன் என்று விளக்கவும் போவதில்லை. அது என் பக்கத்து வேலை. கோடு போடுவது உன் பக்கத்து வேலை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: நேற்று காலை முழுவதும் வேறு யாரையும் வரச் சொல்லவில்லை. ஒரு வாரம் தற்காலிகப் பல்லின் ஓரங்களைச் சீர் செய்து ஈறை ஆறவிட்டு, ரத்தம் துளிகூட இல்லாதபோது எடுத்தேன். நர்ஸம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்று, "இவ்ளோ பொறுமையா நீங்க சமையல் பண்ணிக்கூட நான் பார்த்ததில்ல" என்றார். அவர் என் சமையலைச் சாப்பிட்டிருக்கிறார், அதனால் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நோயாளி ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்தபடி இருந்தார். முடிந்ததும், "தொலைஞ்ச பொருள் கவுண்டர்ல யாரோ பல்செட்டைக்கூட விட்டுட்டுப் போயிருக்காங்க டாக்டர். நமக்கு ஆகுமான்னு பார்த்தேன்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாதக் கடைசிக்குள் குரல் சரியாகாவிட்டால் மைக்கை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். பதினெட்டு வருடமாக அவர் உட்கார்ந்த நாற்காலி.

உன் மேல் மட்டும் பழி போடுவது எனக்கும் உறுத்தியது. அதனால் ஜனவரி முதல் உன்னிடமிருந்து வந்த பிரிட்ஜுகளைப் பதிவேட்டில் தேடினேன். பதினொன்று. அவற்றில் ஏழு முதல் தடவையிலேயே உட்கார்ந்தன, தேய்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நான்கு உட்காரவில்லை, அதில் இரண்டு இந்த நோயாளியுடையவை. நான்கிலும் ஒரே குறை, விளிம்பு நீளம். நான்குமே பல் ஈறுக்குள் ஆழமாக முடிகிற வாய்களுக்குச் செய்தவை. மெஷின் கோளாறு என்றால் ஏழு சரியாக வராது. என் கை கோளாறு என்றால் நான்கும் நான்கு விதமாகத் தவறியிருக்க வேண்டும். போன வருடம் இதைவிட ஆழமானவையெல்லாம் பொருந்தியிருக்கின்றன. கம்ப்யூட்டர் சொல்வதை நான் எளிதில் நம்புவதில்லை என்று உனக்குத் தெரியும். இப்போது என்னையும் நம்ப முடியவில்லை.

அப்பாவிடம் கத்த வேண்டாம். தாளில் எழுதிக் காட்டு.

அக்கா


மார்ச் 15

அக்கா,

பிரிட்ஜ் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது. உன் கெடு எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்களுக்கு வரும் வேலையில் பாதி உன் கிளினிக்குடையது. அதை நான் சொல்லிக்காட்டவில்லை. உனக்கே தெரியும் என்பதால் நீயும் அதை எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். கார்டு வைத்தாயா என்று கேட்டதற்கு மன்னித்துக்கொள். அப்படி ஒரு ஸ்கேன் எந்த டாக்டரிடமிருந்தும் எனக்கு வந்ததில்லை. பல்லைச் சுற்றி ஈறு வாய்க்கால் வெட்டியதுபோல விலகி நிற்கிறது. பல்லின் விளிம்பு பேனாவால் வரைந்ததுபோலத் தெரிகிறது. புதுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சார், இதுக்குக் கோடு போட நீங்க வேண்டாம், நானே போட்டுருவேன்" என்றாள்.

இருந்தாலும் ஒன்றை எழுதிவிடுகிறேன். மறைத்தால் பிறகு நீ கண்டுபிடிப்பாய்.

விளிம்பு அவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் நான் அதன் மேல் கோடு போடவில்லை. போட்டேன், அழித்தேன். அரை நாள் யோசித்தேன். ஏனென்றால் உன் சீட்டில் போன தடவை மாதிரியே "ஒரு நூல் உள்ளே" என்று இருக்கிறது. திரையில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அந்த விளிம்புக்குக் கீழே, வாய்க்காலின் அடியில், பல்லைச் சுற்றிச் சின்னதாக ஒரு மேடு ஓடுகிறது. அசல் விளிம்பு அதுவாகத்தான் இருக்கும், அதைத்தான் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். வாயை நேரில் பார்த்தவள் நீ. நான் பார்ப்பது படம். என் கண்ணுக்கு மேலே தெரிந்தாலும், அக்கா உள்ளே என்றால் உள்ளேதான். நீ சொன்னபடி ஒரு நூல் உள்ளே இறக்கி, அந்த மேட்டின் மேல் கோடு போட்டுவிட்டேன். கால் மில்லிமீட்டர் இருக்கும். முன்பு உட்காராத நான்குக்கும் இப்படித்தான் செய்தேன்.

மாதிரியில் அருமையாக உட்காருகிறது. வாயில் உட்காராவிட்டால் வேறு ஆய்வகம் பார்த்துக்கொள். கோபத்தில் சொல்லவில்லை. அந்த அம்மாவை நாலாவது தடவை வாயைத் திறக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவுக்கு எழுதிக் காட்டினேன். "இவ்ளோ நாளா ஏன்டா கத்துன?" என்கிறார்.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

பிரிட்ஜை நோயாளியின் வாயில் வைக்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கடிதத்தோடு கைகழுவும் இடத்தில் நின்று சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். நர்ஸம்மா ஓடி வந்து, "என்னாச்சும்மா, தண்ணி கொண்டு வரட்டுமா?" என்றார். இத்தனை வருடத்தில் நான் தனியாக நின்று சிரித்து அவர் பார்த்ததில்லை.

டேய், அந்த மேடு விளிம்பு இல்லை. அது நூல்.

நிதானமாக எழுதுகிறேன். பல் ஆழமாக முடிகிற வாய்களில் ஈறை ஒதுக்க நான் முறுக்கிய பருத்தி இழையான அந்தக் கார்டை இரண்டாக வைப்பேன். முதலில் மெல்லியதாக ஒன்று, ஈறின் அடிவரை. அதன் மேல் பருமனாக இன்னொன்று. ஸ்கேன் எடுக்கும் நேரத்தில் மேலே இருப்பதை மட்டும் உருவிவிடுவேன். மெல்லியது உள்ளேயே இருந்து ஈறு சாயாமல் தாங்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் அதை எடுப்பேன். படத்தில் அதுவும் விழும் என்பதால் முன்பெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு கார்டு உள்ளே இருக்கிறது என்று சீட்டில் குறிப்பேன். நீயும் அதை விட்டுவிட்டு மேலே கோடு போடுவாய். ஜனவரியில் தமிழில் எழுதச் சொன்னாய். நான் ஒழுங்குப் பிள்ளையாகத் தமிழில் எழுதினேன். நர்ஸம்மா கார்டை நூல் என்றுதான் சொல்வார். நூல் எடுத்துக் கொடுங்கள், நூலை வெட்டுங்கள் என்று நானும் அவரும் நாள் முழுக்கப் பேசுகிறோம். எனக்கு அதில் வேறு அர்த்தமே தோன்றவில்லை.

உனக்கு எப்படித் தோன்றாமல் இருக்கும்? பட்டறையில் அப்பா வாயிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவை வரும். "ஒரு நூல் உள்ள தள்ளு." "ஒரு நூல் வெளிய எடு." அளவுகோலில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் நம் வீட்டில் அதற்கு அளவே கிடையாது. கதவு லேசாகத் திறந்திருந்தாலும் ஒரு நூல், உப்பு லேசாகக் குறைந்தாலும் ஒரு நூல். வேறு எந்த ஆய்வகத்துக்கு இந்தச் சீட்டு போயிருந்தாலும் போன் செய்து என்ன நூல் என்று கேட்டிருப்பார்கள். உனக்கு மட்டும்தான் கேட்காமலே புரிந்தது. தப்பாகப் புரிந்தது.

நீ நூலுக்கு பிரிட்ஜ் செய்திருக்கிறாய். மாதிரியில் உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான். மாதிரியிலும் நூல் இருந்தது. வாயில் நான் நூலை எடுத்துவிட்டேன்.

இது என் தவறுதான். உனக்குத் தெரிந்த வார்த்தையை மாற்றிவிட்டு அதைச் சொல்லாமல் இருந்தேன். போன கடிதத்தில் "விளக்கப் போவதில்லை" என்று எழுதிய இடத்தில் இரண்டு வரி விளக்கியிருந்தால் இந்த மூன்றாவது பிரிட்ஜ் சரியாக வந்திருக்கும். அந்தத் திமிருக்கு நீ வைக்கும் பெயர் எனக்குத் தெரியும். வைத்துக்கொள்.

ஸ்கேன் நன்றாக இருக்கிறது. புதிதாக எடுக்க வேண்டாம். உன் கண்ணுக்குப் பல் எங்கே முடிகிறதோ அங்கே கோடு போடு. என் பேச்சைக் கேட்காதே.

வெளியே போய் நோயாளியிடம் இன்று பல் வைக்கவில்லை என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. காரணத்தையும் சொன்னேன். "எங்க ஸ்டேஷன்லயும் ஒருத்தர் ஒண்ணாம் பிளாட்பாரம்னு எழுதினதை நான் ஏழுன்னு வாசிச்சேன் டாக்டர். கல்யாண பார்ட்டி ஒண்ணு முழுசா தப்பான பிளாட்பாரத்துல போய் நின்னாங்க" என்றார். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். அந்தத் தற்காலிகப் பல்லோடு.

அக்கா


மார்ச் 20

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பழைய நான்கு கோப்புகளையும் திறந்து பார்த்தேன். நான்கிலும் அந்த மேடு இருக்கிறது. இப்போது உற்றுப் பார்த்தால் முறுக்குகூடத் தெரிகிறது. முறுக்கேறிய பல்லை உலகத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? இரண்டு மாதமாகக் கண்ணெதிரே கிடந்திருக்கிறது. மற்ற ஏழிலும் நீ அந்த வரியை எழுதவே இல்லை, நானும் இறக்கவில்லை.

அப்பாவிடம் முழுக் கதையையும் தாளில் எழுதிக் காட்டினேன். இரண்டு பக்கம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு, "ஒரு நூல்னா ஒரு நூல்தானடா. இதுல குழம்புறதுக்கு என்ன இருக்கு?" என்றார். யார் பக்கம் பேசுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

தப்பு பாதி உன்னுடையது என்றால் பாதி என்னுடையது. என் கண் சரியாகப் பார்த்தது. அதை நான் நம்பவில்லை. ஒரு போன் போட்டு, "அக்கா, எனக்கு மேலேதான் தெரியுது, உள்ளேன்னா எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் போதும். போனை வைத்தவன் எப்படிப் போன் போடுவது என்று இருந்துவிட்டேன்.

பிரிட்ஜ் இதோ. பல் முடிகிற இடத்தில் கோடு போட்டேன். நூலைத் தொடவில்லை. புதுப் பெண் சீட்டில் ஒரு கட்டம் சேர்த்து அச்சடித்திருக்கிறாள்: "ஈறுக்குள் கார்டு இருக்கிறதா? ஆம், இல்லை." அதில் டிக் மட்டும் போடு. தயவுசெய்து எதையும் எழுதாதே.

மற்ற இரண்டு பேருக்கும் பழைய ஸ்கேனை வைத்தே திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். ஈறு மாறியிருந்தால் மட்டும் புது ஸ்கேன் எடு.

உட்கார்ந்ததா என்று சொல். அதுவரை இங்கே யாருக்கும் வேலை ஓடாது.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

உட்கார்ந்தது என்று முந்தாநாள் நான் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் யாரோ மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதனால் போனில் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன்.

நான் அழுத்தவே இல்லை. விரலால் லேசாக ஏற்றினேன், தானாகப் போய் நின்றது. ஈறு வெளுக்கவில்லை. கருவியின் முனையைப் பல்லிலிருந்து பிரிட்ஜுக்கு இழுத்தேன், எங்கும் தட்டவில்லை. எதையும் எளிதில் நம்பாதவள் அல்லவா, மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். எக்ஸ்ரேயும் எடுத்தேன். நர்ஸம்மா, "போதும்மா, பல்லு உக்காந்துருச்சு, நீங்களும் உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

நோயாளி கண்ணாடி கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "எக்ஸ்பிரஸ்" என்றார். விசில் இல்லை. இன்னொரு தடவை சொன்னார். பிறகு அந்த நாற்காலியிலேயே சாய்ந்தபடி, வண்டி எண், புறப்படும் நேரம், பிளாட்பாரம் எல்லாவற்றையும் அவருடைய அந்தக் குரலில் முழுதாக வாசித்தார். வெளியே காத்திருந்த ஒருவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாராம். இன்று காலையிலிருந்து மைக் முன்னால் இருக்கிறார்.

இங்கே இருக்கும் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். வேறு ஆய்வகப் பேச்சு முடிந்தது. அவரும் உன் புதுச் சீட்டில் டிக் போடப் பழகிக்கொண்டிருக்கிறார்.

போனில் நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேன், பட்டறை வேலை என்று. நான் அன்று அதை இழிவாகச் சொன்னேன். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறப் போவதில்லை. அப்பா கடைந்து கொடுத்த உருளை துளைக்குள் இறங்கும்போது சத்தமே வராது, காற்று மட்டும் மெதுவாக வெளியே போகும், ஞாபகம் இருக்கிறதா? நேற்று முன்தினம் அப்படித்தான் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வருகிறேன். அந்த அம்மாதான் வண்டியை அறிவிப்பார், நான் கேட்டுவிட்டு ஏறுகிறேன். அப்பாவிடம் கத்திச் சொல்லாதே, எழுதிக் காட்டு. முடிந்தால் இந்தக் கடிதத்தின் கடைசி வரியையும் காட்டு.

பல்லுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. இது நர்ஸம்மாவின் நூல் அல்ல, அப்பாவின் நூல்.

அக்கா